24 வயது வீடு: எதை மாற்ற, எதை விட்டுவைக்க?

கேள்வி: நாங்கள் அண்மையில் வாங்கிய வீட்டுக்கு 24 வயது. வாங்குவதற்கு முன் ஒருவரை அழைத்து வந்து காட்டினோம். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு எட்டுப் பக்கத்துக்கு ஓர் அட்டவணை கொடுத்தார். தண்ணீர்க் குழாய் 25 வருடம், வயரிங் 25, வாட்டர் ஹீட்டர் 10, வெளிப்புற பெயின்ட் 7, கதவு 30 என்று போகிறது. அதன்படி பார்த்தால் வீட்டில் பாதிப் பொருள்களுக்கு ஆயுள் முடிந்துவிட்டது, மீதியில் பலவற்றுக்கு அடுத்த வருடம் முடிகிறது. எங்கள் திட்டமோ அடுத்த மாதம் குளியலறை டைல்ஸை மட்டும் மாற்றுவது. படுக்கையறை சீலிங்கில் நேர்கோடாக ஒரு விரிசல் வேறு இருக்கிறது. பழைய வாசல் கதவைக் கழற்றிவிட்டுப் புதிது போடலாம் என்கிறார் கணவர், எனக்கு மனசு வரவில்லை. எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற வசதியும் இல்லை. எதை முதலில் செய்வது? கான்கிரீட் வீடு உண்மையில் எத்தனை வருடம் தாங்கும்?

பதில்: முதலில் அந்த எட்டுப் பக்கத்தையும் மடித்து அலமாரியில் வையுங்கள். கிழித்துப் போட்டுவிட வேண்டாம், பின்னால் ஒரு வேலைக்கு ஆகும்.

இப்படிப்பட்ட அட்டவணைகள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும். தயாரிப்பாளர்களின் சோதனை முடிவுகள், காப்பீட்டுக்காரர்களின் இழப்புக் கணக்கு, நிறையக் கட்டடங்களைப் பராமரிப்பவர்கள் போடும் செலவுத் திட்டம் எல்லாம் கலந்து வந்த எண்கள் அவை. நூறு கட்டடங்களைச் சேர்த்துப் பார்த்தால் சராசரி ஓரளவு சரியாக வரும். உங்களுடைய ஒரே ஒரு வீட்டைப் பற்றி அது எதுவும் சொல்லாது. 20 வருடம் என்று போட்டிருக்கும் பொருள் ஒரு வீட்டில் 12 வருடத்தில் போயிருக்கும், இன்னொரு வீட்டில் 35 வருடமாக ஓடிக்கொண்டிருக்கும்.

கட்டடங்களின் ஆயுளைக் கணிப்பதற்கென்றே ஐஎஸ்ஓ 15686 என்று ஒரு சர்வதேசத் தரநிலை இருக்கிறது. அதுகூட அட்டவணை எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்வதில்லை. பொருளின் தரம், வடிவமைப்பு, வேலையின் நேர்த்தி, உட்புறச் சூழல், வெளிப்புறச் சூழல், புழங்கும் விதம், பராமரிப்பு என்று ஏழு காரணிகளால் அந்த எண்ணைப் பெருக்கிப் பார்க்கச் சொல்கிறது. ஒரு பேச்சுக்கு, வெளிச்சுவர் பெயின்டுக்கு 8 வருடம் என்று வைத்துக்கொள்வோம். வெயிலும் மழையும் நேராக அடிக்கும் சுவர் என்பதால் 0.8, பழைய பெயின்டைச் சரியாகச் சுரண்டாமல் மேலேயே அடித்தார்கள் என்பதால் 0.7. பெருக்கினால் நாலரை வருடம். அதே டப்பா பெயின்ட், நிழல் விழும் பின்சுவரில், நன்றாகச் சுரண்டி ப்ரைமர் கொடுத்து அடித்தது என்றால் 1.1, 1.2 என்று வைக்கலாம். பத்தரை வருடம் வந்துவிடுகிறது. ஒரே வீடு, ஒரே பெயின்ட், ஒரே நாளில் அடித்தது. உங்களிடம் இருக்கும் அட்டவணை இரண்டு சுவருக்கும் 7 என்றுதான் சொல்லும்.

நான் ஒரு பழைய வீட்டுக்குள் நுழைந்தால் எந்தப் பொருளின் வயதையும் முதலில் கேட்பதில்லை. இது போனால் எப்படிப் போகும், முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போகுமா, திடீரென்று போகுமா என்று பார்ப்பேன். போகும்போது பக்கத்தில் இருக்கும் எதையெல்லாம் சேர்த்துக் கெடுக்கும் என்று பார்ப்பேன். பிறகு, அதை மாற்றக் கை எட்டுமா, இல்லை எதையாவது உடைக்க வேண்டுமா என்று பார்ப்பேன். பெயின்டுக்கு வயதாகிவிட்டால் பார்க்க அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். வாஷ்பேசினுக்கு அடியில் இருக்கும் கனெக்‌ஷன் ட்யூபுக்கு வயதாகிவிட்டால் நீங்கள் ஊரிலிருந்து திரும்பி வரும்போது வீடு குளமாக இருக்கும். அட்டவணையில் இரண்டும் அடுத்தடுத்த வரிசையில் ஒரே எழுத்தளவில் இருக்கின்றன.

அந்த ட்யூபிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதை இன்றைக்கே பார்த்துவிடலாம். ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு வாஷ்பேசின், சமையலறை சிங்க், ஃப்ளஷ் டேங்க், வாஷிங் மெஷின், வாட்டர் ஹீட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் அடியில் குனியுங்கள். வெள்ளிக் கம்பி பின்னியது போல ஒரு குட்டைக் குழாய் இருக்கும். உள்ளே இருப்பது ரப்பரோ பிளாஸ்டிக்கோதான். தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்குவது வெளியே இருக்கும் அந்தப் பின்னல். அதில் ஒன்றிரண்டு இழை அறுந்து பூனை மீசை மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவாமல் (குத்தும்) கண்ணால் பாருங்கள். பின்னலில் துருப் புள்ளிகள், நட்டுக்குப் பக்கத்தில் பச்சை அல்லது வெள்ளைப் பூச்சு, நட்டு பிளாஸ்டிக்காக இருந்தால் அதில் மயிரிழை விரிசல் என்று எது இருந்தாலும் மாற்றிவிடுங்கள். ஒன்றுமே இல்லாவிட்டாலும் எப்போது போட்டது என்று தெரியாத ட்யூபை மாற்றிவிடுவதே நல்லது. 5 முதல் 10 வருடத்துக்குள் மாற்றச் சொல்லியே பெரும்பாலும் விற்கிறார்கள். இது போகும்போது சொட்டிச் சொட்டிப் போகாது, பிய்த்துக்கொண்டு போகும். நிமிடத்துக்கு 10 லிட்டர் என்று வைத்தாலும் ஓர் இரவில், எட்டு மணி நேரத்தில், 4800 லிட்டர் தரையில் கொட்டியிருக்கும். இன்னொன்று: குளோரின் கலந்த கழுவும் திரவங்களை நாம் எல்லோரும் சிங்குக்கு அடியில், சரியாக இந்த ட்யூபுக்குப் பக்கத்தில்தான் அடுக்கிவைக்கிறோம். அந்த ஆவியே பின்னலை அரிக்கும். பாட்டில்களை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். அப்படியே ஒவ்வொரு ட்யூபும் சுவரோடு சேரும் இடத்தில் இருக்கும் ஆங்கிள் வால்வை ஒரு முறை மூடித் திறந்து பாருங்கள். வருடக்கணக்கில் தொடாத வால்வு அவசரத்துக்கு மூடாது.

சரி, குளியலறைக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த இடம் இதுதான்.

டைல்ஸை மட்டும் மாற்றுவது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் டைல்ஸ்தான் அந்த அறையிலேயே ஆயுள் அதிகமான பொருள். சுட்ட மண், 50 வருடம் ஆனாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. அதன் இடுக்கில் இருக்கும் க்ரௌட், மூலையில் இருக்கும் சிலிக்கான், அடியில் இருக்கும் நீர்த்தடுப்புப் பூச்சு, சுவருக்குள் ஓடும் குழாய், ஷவர் வால்வின் உள்ளுறுப்பு எல்லாம் அதைவிடச் சீக்கிரம் போகக்கூடியவை. சிலிக்கான், க்ரௌட் இரண்டும் வெளியே இருக்கின்றன, எப்போது வேண்டுமானாலும் சுரண்டிவிட்டுப் புதிதாகப் போடலாம். மற்றவை டைல்ஸுக்குப் பின்னால் இருக்கின்றன. 24 வயதுக் குழாய்க்கு மேலே புது டைல்ஸ் ஒட்டினால், இன்னும் 50 வருடம் இருக்கப்போகிற ஒன்றை, எப்போது போகும் என்று தெரியாத ஒன்றின் மேல் ஒட்டுகிறீர்கள். குழாய் கசிந்தால் உடைவது குழாய் அல்ல, உங்கள் புது டைல்ஸ்.

இதை எனக்கு யாரும் பாடம் நடத்திச் சொல்லித்தரவில்லை. சொந்த வீட்டுக் குளியலறைக்கு டைல்ஸ் மாற்றியபோது, பழைய குழாயைத் தட்டிப் பார்த்துவிட்டு "இன்னும் பத்து வருடம் வரும்" என்று சொன்னவன் நான். ஊருக்கெல்லாம் யோசனை சொல்லும் ஆள். 14 மாதத்தில் சுவரின் அந்தப் பக்கம், படுக்கையறையில், உள்ளங்கை அளவுக்கு ஈரம் தெரிந்தது. ஒரே ஓர் எல்போ, குழாய் திரும்பும் இடத்தில் போடும் வளைவு இணைப்பு. அதை எடுக்க ஆறு டைல்ஸ் உடைந்தன. அதே நிறத்தில் டைல்ஸ் கிடைக்கவில்லை. இன்றும் அந்த ஆறு மட்டும் வேறு வெள்ளையாக இருக்கிறது, வீட்டுக்கு வருகிறவர்கள் அது டிசைன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஆகவே பழைய டைல்ஸை உடைத்த அன்றே குழாயை மாற்றிவிடுங்கள், அதற்கு இன்னும் ஆயுள் இருந்தாலும் சரி. உங்கள் வீட்டில் இருப்பது ஜி.ஐ. குழாயாக, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம். அதன் துத்தநாகப் பூச்சு உள்ளே கரைந்து தீர்ந்ததும் இரும்பு துருப்பிடித்து, சிப்பி ஒட்டியது போல முடிச்சு முடிச்சாக வளரும். வெளியே பார்த்தால் குழாய் கிண்ணென்று இருக்கும். அறுத்துப் பார்த்தால் உள்ளே பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி இருக்கும். காலையில் திறந்ததும் முதல் அரை வாளி பழுப்பாக வருகிறதா, முன்னைவிட வேகம் குறைந்திருக்கிறதா என்று கவனியுங்கள். வந்தால் அதுதான் காரணம். பழைய ஜி.ஐ. குழாயோடு புதிதாகச் செம்புக் குழாயை நேரடியாக இணைத்துவிடாதீர்கள், இரண்டு உலோகமும் தண்ணீரும் சேர்ந்தால் இணைப்புக்குப் பக்கத்திலேயே ஜி.ஐ. வேகமாக அரித்துப்போகும்.

புதிதாக சிபிவிசி என்ற பிளாஸ்டிக் குழாய் போடுவதானால் அது சுவருக்குள் நன்றாக இருக்கும், சூடு தண்ணீரையும் தாங்கும். வெயில் படும் இடத்தில் பெயின்டோ உறையோ இல்லாமல் விட்டால் நொறுங்கும் தன்மை வந்துவிடும். பலருக்கும் தெரியாத ஒன்று சொல்கிறேன்: மின்சார வயரின் மேலுறையில் வளைந்து கொடுப்பதற்காகச் சேர்த்திருக்கும் எண்ணெய்த்தன்மையான பொருள் மெல்ல வெளியே கசியும், அது பட்டுக்கொண்டே இருந்தால் சிபிவிசி விரிசல் விடும். ஆகவே குழாயோடு வயரைச் சேர்த்துக் கட்டவிடாதீர்கள்.

டைல்ஸ் ஒட்டுபவர் வருவதற்கு முன் மூன்று வேலை. குழாயின் எல்லா வாயையும் அடைத்து, வேலை செய்யும் அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றி ஓர் இரவு விடச் சொல்லுங்கள், காலையில் அழுத்த மானியின் முள் இறங்கியிருக்கக் கூடாது. தரையில் நீர்த்தடுப்புப் பூச்சு காய்ந்தபிறகு வடிகாலை அடைத்துவிட்டுத் தண்ணீர் தேக்கி 24 மணி நேரம் வைத்து, கீழ்த்தளச் சீலிங்கையும் சுவரின் மறுபக்கத்தையும் பாருங்கள். மூன்றாவது, அளவு டேப்பைச் சுவரில் விரித்துப் பிடித்தபடி திறந்த குழாய்களை எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுத்து வையுங்கள். அடுத்த முறை ஆணி அடிக்கும்போது யாருக்காவது உதவும். ஷவர் வால்வுக்கு, உடைக்காமல் உள்ளுறுப்பை முன்பக்கமாகக் கழற்றும் வகையைக் கேட்டு வாங்குங்கள். ஒரு சின்ன உபரிக் குறிப்பு: டைல்ஸில் ஒரு பெட்டி கூடுதலாக வாங்கிப் பரணில் போட்டு வையுங்கள். ஆறு வெள்ளை டைல்ஸ் பார்த்துக் கற்றது.

அடுத்து, அந்த விரிசல். இதைத்தான் உடனே பார்க்க வேண்டும், குளியலறைகூடக் காத்திருக்கலாம்.

கான்கிரீட் எத்தனை வருடம் தாங்கும் என்று கேட்டிருந்தீர்கள். சாதாரண வீடுகளைச் சுமார் 50 வருடத்துக்கு என்று வடிவமைப்பார்கள். அது காலாவதித் தேதி அல்ல, அதுவரை பெரிய பழுது வராமல் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு. கான்கிரீட் தானாக மூப்படைந்து இறப்பது அபூர்வம். உள்ளே இருக்கும் கம்பிதான் அதைக் கொல்கிறது. ரோமில் இருக்கும் பாந்தியன் கோயிலின் கான்கிரீட் குவிமாடம் 43 மீட்டர் அகலம், கட்டி 1900 வருடம் ஆகப்போகிறது. ரோமானியர்களின் கலவை உசத்திதான், ஆனால் அதில் துருப்பிடிக்கக் கம்பியே இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. நம் காலத்துத் தளங்கள் கம்பி இல்லாமல் நிற்காது.

புதுக் கான்கிரீட் கடுமையான காரத்தன்மை கொண்டது, அதன் பிஎச் 12.5-க்கு மேல் இருக்கும். அந்தக் காரத்தில் கம்பி துருப்பிடிக்காது, மெல்லிய ஒரு படலம் அதைக் காக்கும். காற்றிலிருக்கும் கரியமில வாயு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக நுழைந்து அந்தக் காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்க்கிறது. இது நேர்க்கணக்கில் போகாது, போகப் போக மெதுவாகும். ஆழம் இரண்டு மடங்காக, காலம் நான்கு மடங்கு வேண்டும். உங்கள் வீட்டில் 24 வருடத்தில் 12 மி.மீ. போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பிக்கு அடியில் 20 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட், விட்டுக் கட்டியிருந்தால் அது கம்பியைத் தொட வீட்டுக்கு 66 வயதாக வேண்டும். கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் என்ற சிறு கட்டிகளை வைக்காமல் கம்பியைப் பலகையின் மேலேயே போட்டு, அடியில் 10 மி.மீ.தான் கிடைத்தது என்றால், 17-ஆவது வருடமே தொட்டாகிவிட்டது. ஒரே கான்கிரீட்தான். அன்றைக்கு ஒரு கைப்பிடி கவர் பிளாக்கை யார் வைத்தார்கள், யார் வைக்கவில்லை என்பதில் 50 வருடம் போய்விடுகிறது. இது எந்த அட்டவணையிலும் வராது.

காரம் போனபின் ஈரமும் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். அந்த நெருக்கலில் கான்கிரீட் கம்பியின் போக்கிலேயே வெடிக்கும். நேர்கோடாக விரிசல் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம். பூச்சில் வரும் சாதாரண விரிசல் வலை மாதிரி, கிளை கிளையாக, எந்த ஒழுங்கும் இல்லாமல் போகும்.

ஏணி போட்டு ஏறி, ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் விரிசலின் இரண்டு பக்கமும் மெல்லத் தட்டுங்கள். கட்டியான இடம் 'டிக்' என்று கூர்மையாகச் சொல்லும். பிரிந்து நிற்கும் இடம் 'டொப்' என்று உள்ளீடற்ற சத்தம் தரும். கூடவே பழுப்புக் கறை இருக்கிறதா, விரிசலுக்கு இணையாகக் கொஞ்சம் தள்ளி இன்னொரு கோடு தொடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். 'டொப்' கேட்டால் அன்றே கட்டிலை அந்த இடத்துக்கு அடியிலிருந்து நகர்த்திவிடுங்கள், ஒரு கட்டமைப்புப் பொறியாளரை வரவழையுங்கள். வருகிறவர் சின்னதாக ஒரு துண்டைப் பெயர்த்து, அந்தப் புது முகத்தில் பினால்ஃப்தலீன் என்ற திரவத்தைத் தெளித்துக் காட்டச் சொல்லுங்கள். காரம் இருக்கும் பகுதி அடர் ரோஜா நிறமாகும், காரம் போன பகுதி நிறம் மாறாமல் அப்படியே இருக்கும். கம்பி எந்தப் பக்கம் இருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். சில நொடி வேலை, இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

பழுது பார்க்கும்போது நடக்கும் தவறு எப்போதும் ஒன்றுதான்: தொங்கும் பகுதியைத் தட்டிவிட்டு, மேலே சிமென்ட் கலவையைப் பூசி, பெயின்ட் அடித்துவிடுவார்கள். அது சீக்கிரமே விழும். கம்பியின் பின்பக்கம்வரை குடைந்து, துருவை முழுக்கச் சுரண்டி, பாதுகாப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த பழுதுக் கலவையால் அடைக்க வேண்டும். பழுது பார்த்த இடத்தை ஒட்டிய பழைய பகுதி அதற்குப் பிறகு இன்னும் வேகமாகத் துருப்பிடிப்பதும் உண்டு, அதனால் தட்டிப் பார்க்கும் எல்லையைத் தாராளமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மேலே மொட்டை மாடியாகவோ குளியலறையாகவோ இருந்தால், அங்கிருந்து இறங்கும் ஈரத்தை நிறுத்தாமல் கீழே எதைச் செய்தாலும் வீண். மாடியில் நீர்த்தடுப்புத் தார்ப்படலம் இருந்தால் அதற்கு 10 முதல் 20 வருடம். வெயில்தான் அதற்கு எமன், மேலே ஏதாவது ஒரு மூடல் இருந்தால் கூடுதலாக வரும். வடிகுழாய் வாயில் சருகு அடைத்துத் தண்ணீர் தேங்கிய மாடியில் எந்தப் படலமும் நிலைக்காது.

எல்லா நேர்கோடும் கம்பித் துரு அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். கான்கிரீட்டும் சுவரும் சேரும் இடத்திலோ, வேறு இடத்தில் வார்த்துக் கொண்டுவந்து வைத்த இரண்டு கான்கிரீட் பலகைகளின் இணைப்பிலோ வரும் கோடு பெரும்பாலும் தீங்கற்றது. தட்டினால் தெரிந்துவிடும்.

வயரிங் பற்றி அட்டவணை சொன்ன 25 வருடத்தை நான் அவ்வளவாகப் பொருட்படுத்த மாட்டேன். பிவிசி உறை போட்ட வயரின் எதிரி வயதைவிடச் சூடுதான். சாதாரண உறை 70 டிகிரி வரை தாங்கும்படி செய்யப்பட்டது. உறைப் பொருள்களைப் பொறுத்தவரை, 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் புழங்கும் கைக்கணக்கு. சுவருக்குள் குளிர்ச்சியாக, குறைந்த சுமையில் கிடந்த வயர் இன்றும் புதிது மாதிரி இருக்கும். அதே வயரின் நுனி, தளர்ந்துபோன திருகுக்கு அடியில், பிளக் பாயின்டுக்குள் கறுத்துப் பொரிந்திருக்கும். அதோடு, வயர் பழையது என்பதைவிட வீட்டின் சுமை புதியது என்பதுதான் சிக்கல். 24 வருடத்துக்கு முன் போட்ட இணைப்பில் இன்று ஏசி, இண்டக்‌ஷன் அடுப்பு, வண்டிக்கு சார்ஜர் என்று எல்லாவற்றையும் மாட்டுகிறோம்.

எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 500 வோல்ட்டில் இன்சுலேஷன் டெஸ்ட், அதாவது வயரின் உறை மின்சாரத்தைக் கசியவிடுகிறதா என்ற சோதனை, எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சர்க்யூட்டும் 1 மெகாஓமுக்கு மேல் காட்ட வேண்டும். அதற்கும் கீழே வந்தால் அந்த சர்க்யூட்டை மட்டும் பிரித்துப் பார்க்கலாம். எர்த்தும் பார்க்கச் சொல்லுங்கள். டிஸ்ட்ரிபியூஷன் பாக்ஸில் 30 மில்லிஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் (மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.) இல்லாவிட்டால், டைல்ஸுக்கு முன்னால் அதைப் போடுங்கள். இருந்தால் அதில் 'T' என்று ஒரு பொத்தான் இருக்கும், அழுத்தியதும் பட்டென்று விழ வேண்டும். சில மாதத்துக்கு ஒருமுறை அழுத்திப் பாருங்கள். வயர் பைப்புக்குள் ஓடுகிறது என்றால் பிற்பாடு மாற்றுவதற்குச் சுவரை உடைக்கவேண்டியதில்லை, பழையதை இழுத்துப் புதியதைச் செருகலாம். அதனால்தான் இதற்கு அவசரமில்லை என்கிறேன்.

வாட்டர் ஹீட்டர் தொட்டி வகை என்றால் 8 முதல் 12 வருடம் என்பது ஓரளவு சரியான எண்தான். ஆனால் அந்த எண்ணை நிர்ணயிப்பது உள்ளே தொங்கும் ஒரு மெக்னீசியத் தண்டு. தொட்டி அரிக்கப்படுவதற்குப் பதிலாகத் தன்னை அரிக்கக் கொடுப்பதுதான் அதன் வேலை. அண்மையில் நான் கழற்றிப் பார்த்த ஒன்றில் விரல் கனத் தண்டு இருக்க வேண்டிய இடத்தில் துருப்பிடித்த ஒரு கம்பி மட்டும் இருந்தது, முனையில் கரும்புச் சக்கை போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. தொட்டிக்குக் கீழே அப்போதே பழுப்புக் கறை. தண்டை மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் தொட்டி அட்டவணையைத் தாண்டி ஓடும், உப்புத் தண்ணீர் என்றால் இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும். எலிமென்ட், தெர்மோஸ்டாட் போனால் மாற்றிக்கொள்ளலாம். தொட்டியே ஓட்டையானால் பழுது பார்க்கப் பணம் போடாதீர்கள்.

மற்றவற்றைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். குழாய் சொட்டினால் பெரும்பாலும் வாஷர், அதற்காகக் குழாயையே மாற்றத் தேவையில்லை. ஃப்ளஷ் டேங்கில் ஓயாமல் தண்ணீர் கசிந்தால் அடியில் இருக்கும் ரப்பர். பீங்கான் உங்களையும் என்னையும் தாண்டி இருக்கும். கிரானைட், மார்பிள் தரையை அட்டவணையில் சேர்த்ததே வீண், தேவைப்பட்டால் மறுபடி பாலிஷ் போடலாம். அலுமினிய ஜன்னலில் சட்டம் நன்றாகத்தான் இருக்கும், உருளையும் ரப்பர் பட்டையும்தான் போயிருக்கும், இரண்டும் தனியாகக் கிடைக்கும். சமையலறை அலமாரி பார்ட்டிகிள் போர்டு என்றால் சிங்குக்குக் கீழே ஊதியிருக்கிறதா என்று பாருங்கள். ஊதிய பலகை மறுபடி ஒடுங்காது. புகை எச்சரிக்கைக் கருவி இருந்தால் பின்பக்கத்தில் தயாரித்த வருடம் அச்சிட்டிருக்கும், 10 வருடம் ஆகியிருந்தால் எந்த யோசனையும் இல்லாமல் மாற்றுங்கள். அட்டவணை எண்ணை நான் அப்படியே மதிக்கும் பொருள் அது ஒன்றுதான், ஏனென்றால் அது செத்துப்போனாலும் பார்க்க உயிரோடு இருப்பது போலவே இருக்கும். வெளிப் பெயின்ட் கடைசியில், எல்லா ஈரமும் நின்றபிறகு.

ஆக, இந்த வாரம் ட்யூபுகளும் சீலிங்கில் தட்டிப் பார்ப்பதும். அப்புறம் கசிவுத் துண்டிப்பான். அதன்பின் குளியலறை, குழாயோடு சேர்த்து. பணம் போதாது என்றால் டைல்ஸ் வேலையையே ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள், குழாயை விட்டுவிட்டு டைல்ஸை மட்டும் செய்யாதீர்கள். அலமாரியில் வைத்த அட்டவணையை அதன்பிறகு எடுங்கள். எந்த வருடம் எதற்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கிவைக்கலாம் என்று பார்க்க அது நன்றாகவே உதவும்.

கடைசியாக, அந்த வாசல் கதவு. மரம் ஆண்டுக் கணக்கில் கெடுவதில்லை, ஈரத்தில்தான் கெடுகிறது. அதன் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை அதைத் தின்ன முடியாது. ஜப்பானின் ஹோரியூஜி கோயிலில் 1300 வருடத்து மரக் கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன. ஒரு சின்னக் கத்தியை எடுத்து, நிலையின் அடிப்பகுதியில், தரையைத் தொடும் இரண்டு மூலைகளிலும், கதவின் கீழ் விளிம்பிலும் அழுத்திக் குத்துங்கள். முனை மட்டும் இறங்கி நின்றுவிட்டால் மரம் திடமாக இருக்கிறது. வெண்ணெயில் போவது போல இறங்கினால் அழுகல், உள்ளே பொள்ளென்று இருந்து மண் உதிர்ந்தால் கரையான். அடியில் ஒரு சாண் மட்டும் போயிருந்தால் நல்ல தச்சர் அதை அறுத்துவிட்டு அதே மரத்தில் ஒட்டுப் போட்டுத் தருவார். கதவு தரையில் உரசுகிறது, சரியாக மூடுவதில்லை என்பதுதான் உங்கள் கணவரின் புகாராக இருந்தால், மேல் கீலின் திருகுகள் தளர்ந்திருக்கும். அவற்றைக் கழற்றி, கொஞ்சம் நீளமான திருகு போட்டு முடுக்கிவிட்டு, அவரையே ஒரு முறை திறந்து மூடிப் பார்க்கச் சொல்லுங்கள்.